சீர் கொடுத்தாயிற்று என்றால் பங்கு முடிந்துவிடுமா?

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று நம் மறைமாவட்டத்தின் எந்த ஊருக்குச் சென்றாலும் காட்சி ஒன்றுதான். கல்லறைகளில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றி, குருவானவர் மந்திரித்துக்கொண்டு வரும்வரை குடும்பம் குடும்பமாக நிற்கிறோம். அதே கல்லறைத் தோட்டத்தில் இன்னொன்றையும் நாம் பார்த்திருக்கிறோம். ஒரே தகப்பனின் கல்லறைக்கு அண்ணன் வீட்டார் காலையிலேயே வந்து போய்விடுகிறார்கள். தம்பி வீட்டார் இருட்டிய பிறகு வருகிறார்கள். கட்டிக்கொடுத்த தங்கை வருவதேயில்லை. விசாரித்தால், "அது வீட்டு விஷயம்" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த வீட்டு விஷயம் பெரும்பாலும் வீட்டைப் பற்றியதாகவே இருக்கிறது.

செட்டிநாட்டில் வாழும் நாம் இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் ஊர்களில் நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளை நாள்தோறும் கடந்து போகிறோம். வளவைச் சுற்றி, திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, தனிச் சமையல் என்று கணக்காகக் கட்டிய வீடுகள் அவை. தலைமுறைகள் செல்லச் செல்ல ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் ஓடு மாற்ற முடியும், எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும் என்ற நிலையில் சில வீடுகள் பூட்டிக் கிடந்தன, சில இடிபட்டன. அவற்றின் தூண்களும் நிலைக்கதவுகளும் எனாமல் பாத்திரங்களும் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. புள்ளிக் கணக்கு எழுதி வாழ்ந்த, கணக்குக்குப் பேர்போன சமூகத்திற்கே இப்படியென்றால், தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கும் இரண்டு ஏக்கர் நிலத்தையும் ஓர் ஓட்டு வீட்டையும் எந்த எழுத்தும் இல்லாமல் விட்டுச்செல்லும் நம் குடும்பங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கத்தோலிக்கர்களாகிய நமக்குச் சொத்து விஷயத்தில் எந்தச் சட்டம் பொருந்தும் என்பதிலேயே பலருக்குத் தெளிவில்லை. பக்கத்து வீட்டில் பேசுவதைக் கேட்டு, "பூர்வீகச் சொத்து, அதைத் தகப்பன் இஷ்டத்துக்கு எழுத முடியாது" என்கிறோம். "ஆண் பிள்ளைக்குப் பிறப்பிலேயே உரிமை" என்கிறோம். இவை இந்துக் கூட்டுக்குடும்பச் சட்டத்தின் பேச்சு. அந்தச் சட்டத்திலேயே தமிழ்நாடு 1989 முதலும், நாடு முழுவதும் 2005 முதலும் மகளுக்கும் மகனைப் போலவே உரிமை வந்துவிட்டது என்பது வேறு. நமக்கு உரியது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதில் பிறப்பால் வரும் உரிமை என்று ஒன்று கிடையாது. தகப்பன் உயிரோடிருக்கும்வரை அவர் பெயரில் உள்ள சொத்துக்கு அவர் ஒருவரே உரிமையாளர், அது அவருடைய தகப்பனிடமிருந்து வந்ததாக இருந்தாலும் சரி. தாய் பெயரில் உள்ளதற்குத் தாய் ஒருவரே.

இது எப்படி வந்தது என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பெல்லாரியில் மத்தேயு ஆபிரகாம் என்ற கிறிஸ்தவ வணிகர் 1842இல் உயில் எழுதாமல் இறந்தார். அவருடைய விதவை சார்லட் ஒரு பக்கம், தம்பி பிரான்சிஸ் மறு பக்கம். "நாங்கள் கூட்டுக்குடும்பம், ஆகவே சொத்தில் எனக்கும் உரிமை" என்பது தம்பியின் வாதம். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1863இல் முடிந்தது. மதம் மாறியவர் தம் பழைய சட்டத்தைக் கைவிடவும் முடியும், வைத்துக்கொள்ளவும் முடியும். இந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறை அதைக் கைவிட்டதையே காட்டுகிறது, ஆகவே கூட்டுக்குடும்ப உரிமை இங்கே செல்லாது என்று தீர்ப்பானது. கணவன் இறந்து இருபத்தோரு ஆண்டுகள் கழித்துத்தான் அந்தப் பெண்ணுக்கு முடிவு கிடைத்தது. 1865இல் இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதுவே 1925இல் இன்றைய வடிவம் பெற்றது.

உயில் இல்லாமல் இறந்தால் இந்தச் சட்டம் என்ன செய்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரைக்குடியில் கடை வைத்திருந்த ஒருவர், மனைவியையும் ஒரு மகனையும் இரண்டு மகள்களையும் விட்டு இறக்கிறார். சொத்து 36 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு மூன்றில் ஒரு பாகம், அதாவது 12 இலட்சம். மீதி 24 இலட்சம் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்கு 8 இலட்சம். மகனுக்கு ஒரு ரூபாய் கூட அதிகம் இல்லை. பிள்ளைகளில் ஒருவர் முன்பே இறந்திருந்தால் அவருடைய பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். மனைவி இறந்து கணவன் இருந்தால் கணவனுக்கும் இதே மூன்றில் ஒன்றுதான்.

"அவர் போனால் எல்லாம் எனக்குத்தானே" என்று நினைத்திருக்கும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். குடியிருக்கும் வீட்டில்கூட உங்களுக்கு மூன்றில் ஒன்றுதான். பிள்ளைகள் ஒத்துப்போனால் கவலையில்லை. ஒரு பிள்ளை பாகம் கேட்டு நீதிமன்றம் போனால், கடைசிக் காலத்தில் வீட்டை விற்க வேண்டிய நிலையும் வரலாம்.

பிள்ளையில்லாத தம்பதியர் நிலை இன்னும் சிக்கல். கணவன் இறந்தால் மனைவிக்குப் பாதி. மறுபாதி கணவனின் உறவினருக்கு. அவருடைய தகப்பன் உயிரோடிருந்தால் அந்தப் பாதி முழுவதும் தகப்பனுக்கு. பெற்ற தாய்க்கு அதில் ஒன்றுமில்லை! தகப்பன் இல்லையென்றால்தான் தாய்க்குப் பங்கு, அதுவும் இறந்தவரின் உடன்பிறந்தவர்களோடு சேர்த்துச் சமமாக. இது நியாயமில்லை என்று சட்ட ஆணையமே 2014இல் தன் 247ஆம் அறிக்கையில் இந்தப் பிரிவுகளைத் திருத்தப் பரிந்துரைத்தது. சட்டம் மாறும்வரை, மனைவியையும் தாயையும் காக்க விரும்புகிறவருக்கு உயில் ஒன்றே வழி. எடுத்து வளர்த்த பிள்ளைக்கும் அப்படித்தான். சட்டப்படி தத்து எடுக்காமல் அன்பினால் மட்டும் வளர்த்த பிள்ளைக்கு, எத்தனை வருடம் மகன் என்று அழைத்திருந்தாலும், உயில் இல்லாமல் ஒன்றும் வராது.

இனி தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். 'பங்கு' என்ற சொல் நமக்கு இரண்டு விதமாகப் பயன்படுகிறது. கோவில் பங்கில் பெண்கள் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. வீட்டுப் பங்கில் மட்டும், "அவளுக்குத்தான் நகை போட்டு, சீர்வரிசை செய்து கட்டிக்கொடுத்தாயிற்றே, இனி என்ன பங்கு?" என்கிறோம். சீருக்குப் பேர்போன இந்த வட்டாரத்தில் இந்தப் பேச்சுக்கு மறுபேச்சே இல்லை. சட்டம் சொல்வது நேர்மாறு. அதன் 49ஆம் பிரிவின்படி, பெற்றோர் உயிரோடிருந்தபோது ஒரு பிள்ளைக்குக் கொடுத்த பணத்தையோ பொருளையோ, அவர் உயில் இல்லாமல் இறந்தபின் அந்தப் பிள்ளையின் பங்கில் கழிக்கக் கூடாது. மகளுக்குப் போட்ட ஐம்பது பவுனுக்கும் இது பொருந்தும். மகனுக்குக் கட்டிய பொறியியல் கல்லூரிக் கட்டணத்துக்கும், அவனை சிங்கப்பூர் அனுப்ப ஏஜெண்டிடம் கட்டிய பணத்துக்கும் பொருந்தும். மகளின் நகையை மட்டும் நினைவில் வைத்து, மகனின் செலவை மறந்துவிடுவது நம் வழக்கம். சட்டம் இரண்டையுமே கணக்கில் எடுப்பதில்லை.

அண்டை மாநிலமான கேரளத்தில் ஒருகாலத்தில் இதற்கு நேர்மாறான சட்டமே இருந்தது. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாதபோது மகளுக்கு மகனின் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான். சிரியன் கிறிஸ்தவப் பெண்மணியான மேரி ராய் வழக்குத் தொடுத்து 1986 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் வென்ற பிறகே, அங்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்று நிலைபெற்றது. நம் பக்கத்துப் பெண்களுக்கு அந்த உரிமை அதற்கு வெகு காலம் முன்பிருந்தே இருக்கிறது. இருந்தும், தகப்பன் இறந்த முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து சாப்பாட்டுப் பந்தி எடுப்பதற்குள், தங்கையின் முன்னால் விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். அவளும், 'அண்ணன் வீட்டு வாசல் அடைபடக் கூடாது' என்று படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறாள். மனம் உவந்து விட்டுக்கொடுப்பது அவளுடைய சுதந்திரம்; அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அது விட்டுக்கொடுத்தல் ஆகும். இன்னும் சிலர், தகப்பன் உயிரோடு இருக்கும்போதே திருமணத்தன்று மகளிடம் "பங்கு வேண்டாம்" என்று எழுதி வாங்கிவிடுகிறார்கள். வாரிசு ஆகலாம் என்ற வெறும் எதிர்பார்ப்பைக் கைமாற்ற முடியாது என்பது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் விதி. அந்தக் காகிதத்தை நம்பி வீடு கட்ட வேண்டாம்.

விவிலியம் அறிந்தவர்களுக்கு எண்ணிக்கை நூலின் 27ஆம் அதிகாரம் நினைவுக்கு வரலாம். செலொபுகாதின் ஐந்து புதல்வியர் மோசேயின் முன்பும் சபை முழுவதன் முன்பும் நின்று, தகப்பனின் உரிமையில் தங்களுக்கும் இடம் கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரியே என்று ஆண்டவர் சொன்னதாக அங்கே வாசிக்கிறோம்.

சட்டப் பங்கீடு தம் குடும்பத்துக்குப் பொருந்தாது என்று நினைப்பவர் உயில் எழுதலாம். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மகளுக்கு வீட்டையும், மனநலம் குன்றிய மகனுக்குக் கூடுதலாகவும் வைக்கலாம். முழு வீட்டையும் மனைவிக்கே எழுதலாம். நம் சட்டத்தில் கட்டாயப் பங்கு என்று ஒன்று இல்லாததால், மனைவி மக்களை முற்றிலும் ஒதுக்கிவிட்டுக்கூட ஒருவர் உயில் எழுத முடியும். அந்த அளவுக்குச் சட்டம் நம் மனச்சான்றை நம்பியிருக்கிறது. அது நமக்குச் சற்று அச்சம் தரவேண்டிய நம்பிக்கைதான்.

எழுதுவது கடினமில்லை. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளில் தமிழில் எழுதலாம். எழுதுகிறவர் 18 வயது நிறைந்தவராகவும் தெளிந்த மனநிலையிலும் இருக்க வேண்டும். கையெழுத்து அல்லது கைநாட்டு வைப்பதைக் குறைந்தது இரண்டு சாட்சிகள் நேரில் பார்த்து, அவர்களும் அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். மரணப் படுக்கையில் வாய்மொழியாகச் சொன்னது உயிலாகாது. சர்வே எண், கதவு எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுவதும், முதியவரானால் ஒரு மருத்துவரைச் சாட்சியாக வைப்பதும் பிற்கால வழக்கைக் குறைக்கும்.

இரண்டு விஷயங்களில் நம் சட்டம் இந்துக்களின் உயிலிலிருந்து மாறுபடுகிறது. பத்திரம் எழுதுகிறவர்கள்கூட சிலநேரம் இதைக் கவனிப்பதில்லை. ஒன்று, சாட்சியாகக் கையொப்பமிட்டவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ உயிலில் எழுதிய சொத்து செல்லாது. உயில் நிற்கும், அந்தக் கொடை மட்டும் விழுந்துவிடும். மூத்த மகனையே சாட்சியாக்கி அவனுக்கே வயலையும் எழுதினால், வயல் அவனுக்கு உயிலின்படி கிடைக்காது. மற்றொன்று, உயில் எழுதியவர் அதன்பின் திருமணம் செய்தால் பழைய உயில் தானாகவே ரத்தாகிவிடும். மனைவியை இழந்து மறுமணம் செய்வோர் புதிதாக எழுதியாக வேண்டும்.

பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. பிறர் அறிய வேண்டாம் என்றால், உறையில் முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வசதியும் உண்டு. பிறகு மனம் மாறினால் எத்தனை முறையும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும். உயிலுக்கு நீதிமன்றத்தில் புரொபேட் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயமும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002இலேயே நீங்கிவிட்டது.

உயில் எழுதாமல் உயிரோடிருக்கும்போதே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுப்பவர்கள் நம் ஊர்களில் அதிகம். குடும்பத்தினருக்கு எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். இது 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட அளவு. செலவு குறைவு, பட்டாவும் உடனே மாறும் என்பதால் பலரும் இதை நாடுகிறார்கள். ஆனால் உயிலைப் போல இதைத் திரும்பப் பெற முடியாது. பத்திரம் பதிவான மறுநாள் முதல் தகப்பனும் தாயும் தங்கள் வீட்டிலேயே குடியிருப்பவர்கள் ஆகிவிடுகிறார்கள். நாம் அறிந்த முதியோர் இல்லங்களில் இந்தக் கதையைக் கேட்காமல் திரும்பி வந்ததில்லை. சீராக்கின் ஞானம் 33ஆம் அதிகாரம் இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரிக்கிறது: உயிரோடிருக்கும்வரை பிள்ளைகளின் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு உன்னை ஆளாக்கிக்கொள்ளாதே, பங்கீட்டை வாழ்வின் இறுதிக்கு வைத்துக்கொள் என்பது அதன் கருத்து.

அப்படியும் செட்டில்மெண்ட்தான் எழுத வேண்டுமென்றால், "எங்களை இறுதிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையையும், ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, நிபந்தனையை மீறினால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். காரைக்குடி வட்டத்தாருக்கு அது தேவகோட்டை அலுவலகம். நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி வீட்டை அவருக்கே திருப்பித் தந்தது. எழுத்தில் இருந்தால் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிராது.

வங்கியில் நாமினி போட்டுவிட்டோம், போதும் என்று இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். ஆனால் நாமினி என்பவர் பணத்தைப் பெற்று வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவரே தவிர, அதனாலேயே உரிமையாளர் ஆவதில்லை.

குடும்பத்தில் குருவோ அருட்சகோதரியோ இருந்தால், அவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். துறவறம் போனதால் பிள்ளையின் பங்கு போய்விடும் என்று இந்த வாரிசுரிமைச் சட்டத்தில் எங்கும் இல்லை. திருச்சபைச் சட்டம் 668, நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்பே துறவியர் நாட்டுச் சட்டப்படி செல்லுபடியாகும் உயிலை எழுத வேண்டும் என்கிறது. இருபத்தைந்து, முப்பது வயதில் கன்னியர் மடத்தில் இருக்கும் நம் மகள் செய்துவிட்ட வேலையை, எழுபது வயதிலும் நாம் தள்ளிப்போடுகிறோம்!

புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற குடும்பங்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். மதம் மாறியவர் தம் இந்துப் பெற்றோரின் சொத்தில் உரிமை இழப்பதில்லை. ஆனால் மதம் மாறிய பிறகு அவருக்குப் பிறக்கும் பிள்ளைகள், கிறிஸ்தவர்களாகவே இருந்தால், இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்கிறது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு. தாத்தா பாட்டி பேரனுக்குக் கொடுக்க விரும்பினால் அவர்கள்தான் உயில் எழுத வேண்டும்.

கோவிலுக்கோ ஏழை மாணவருக்கோ ஒரு பகுதியை எழுத விரும்புவோருக்கு முன்பு 118ஆம் பிரிவு தடையாக இருந்தது. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர், இறப்பதற்குப் பன்னிரண்டு மாதத்துக்கு முன்பே எழுதி ஒப்படைத்திருந்தால்தான் அந்தக் கொடை செல்லும். கேரளத்துக் குருவானவர் ஜான் வள்ளமற்றம் தொடுத்த வழக்கில் 2003 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. எழுதும்போது வெறுமனே "மாதா கோவிலுக்கு" என்று எழுதாமல், சொத்தை வைத்திருக்கும் அமைப்பின் பதிவுப் பெயரைப் பங்குத்தந்தையிடம் கேட்டு எழுதுங்கள். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒழுங்கு செய்த பிறகு எழுதுங்கள் என்பதையும் நாமே சொல்லிவிடுகிறோம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நம்முடையதைத்தான் நாம் எழுத முடியும். வீட்டின் தாய்ப்பத்திரமும் பட்டாவும் யார் பெயரில் இருக்கின்றன என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், அத்தைமாரும் சித்தப்பாமாரும் அவர்கள் பிள்ளைகளும் அதில் பங்குதாரர்களாக இருக்கக்கூடும். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் பெற்று, எல்லோரும் உயிரோடும் பேச்சுவார்த்தையோடும் இருக்கும்போதே பாகப்பிரிவினையைப் பதிவு செய்து, பட்டாவை மாற்றிய பிறகு உங்கள் உயிலுக்கு வாருங்கள். எழுதியதன் அசல் எந்தப் பீரோவில் இருக்கிறது என்று மகனிடம் சொல்லும்போது, மகளிடமும் சொல்லிவையுங்கள்.